பெட்டியைக் குறையுங்க

காலையில் கந்தோருக்குள் நுழைந்து கைப்பையைக் கதிரையில் வைக்க முதலே அந்தக் குரல் வந்துவிடும்.

"தங்கச்சி, பெட்டியைக் குறையுங்க."

சாப்பிட்டாயா, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி, பஸ் கிடைத்ததா, ஒன்றும் கிடையாது. பெட்டியைக் குறையுங்க. என்னுடைய மின்னஞ்சல் பெட்டியைத்தான் சொல்கிறார். ஐந்து வருடம் அந்த மனிசனோடு ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தேன். அவர் என்னோடு பேசிய பேச்சு முழுவதையும் சேர்த்துக் கட்டினால் அதில் முக்கால்வாசி இந்த இரண்டு சொல்தான்.

முகத்துக்கு முன்னால் அண்ணன் என்போம். முதுகுக்குப் பின்னால் பெட்டிக்காரர். அவருடைய உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஏசுவார். பெயரும் இடம் பிடிக்கும் என்பார்.

சுனாமிக் கடல் வந்து போன பிறகு மட்டக்களப்பில் முளைத்த நிவாரணக் கந்தோர்களில் எங்களுடையதும் ஒன்று. வாவிக்கரையில் ஒரு வாடகை வீடு. அந்த வீட்டுக் குசினிதான் பெட்டிக்காரரின் அறை. அடுப்பு இருந்த மேடையில் சேர்வரை ஏற்றி வைத்திருந்தார்கள். குளிரூட்டி பூட்டிய ஒரே அறையும் அதுதான். மனிசர் வெந்து சாக, இயந்திரம் குளிரில் சொகுசாக இருந்தது. உச்சி வெயிலில் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நாங்கள் அந்தக் குசினிக்குள் நுழைவோம். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். "கதவ மூடுங்க. மறுகா, பெட்டியையும் குறையுங்க."

களுதாவளைப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, பையில் ஒரே ஒரு பேனை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பூசிய திருநீறு சனிக்கிழமையும் நெற்றியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கோபப்பட்டு யாரும் கண்டதில்லை. ஆனால் ஒரு மின்னஞ்சலோடு படத்தை இணைத்து அனுப்பினீர்களோ, தொலைந்தீர்கள். குசினியிலிருந்து வெளியே வந்து உங்கள் கதிரைக்குப் பின்னால் நின்றுகொள்வார். நீங்கள் உங்கள் கையால் அழிக்குமட்டும் அசையமாட்டார்.

ஒருநாள் கணக்குப் பகுதிப் பெண் தன் பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களை எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். பெட்டிக்காரர் வந்து நின்றார். படத்தைக் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"புள்ள நல்ல வடிவு. அழியுங்க."

அவள் அன்று முழுவதும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தோறும் யாருடைய பெட்டி பெரிது என்று ஒரு பட்டியல் அடித்து மலசலகூடக் கதவில் ஒட்டுவார். போகிற வருகிற ஒவ்வொருவரும் பார்த்தே ஆகவேண்டிய இடம். பல கிழமைகளாக முதல் பெயர் என்னுடையது. கடைசிப் பெயர் எப்போதும் எங்கள் சாரதி, காத்தான்குடி நானாவுடையது.

"எனக்கும் ஒரு பொட்டி தந்தாங்க," என்பார் நானா. "ஒருத்தனும் ஒரு கடிதம் போடுறானில்ல. வெறும் பொட்டிய வெச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற?"

"நீங்கதான் நானா இந்தக் கந்தோரில நல்ல மனிசன்," என்பார் பெட்டிக்காரர். அவர் சிரித்து நான் கண்டது அந்த நேரங்களில்தான்.

இப்படிப்பட்ட ஆளைத் தேடி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதடவை வாகரையிலிருந்து ஒருவர் வருவார். கடற்றொழில் செய்கிறவர், ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். கையில் கருவாட்டுப் பாசல். வாசல் படலையடி வாங்கில் குந்தியிருப்பார். பெட்டிக்காரர் எழுந்து போய்க் குசினிக்குள் கூட்டிக்கொண்டு வருவார். கால்மணித்தியாலம் இருவரும் உள்ளே. பிறகு அவர் போய்விடுவார். சண்டையால் பாதை பூட்டியிருக்கும் காலங்களில் வரமாட்டார், திறந்தால் வந்துவிடுவார். சொந்தக்காரராக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஏன் வருகிறார் என்று தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. வாசிக்கிற உங்களை அப்படிக் காக்க வைக்க மனமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய எட்டு வயது மகளைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அவருடைய காலும் முறிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் கந்தோரிலிருந்து வாகரைக்குப் போய்வரும் உத்தியோகத்தர் ஒருவர் அவரிடம் ஒரு விசயம் சொன்னார். மஞ்சள் சட்டை போட்ட, எட்டு ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளையைக் கரையில் அடக்கம் செய்ததாகவும், அடக்க முதல் படம் எடுத்து, அடையாளம் காண்பதற்காகக் கந்தோர் முழுவதற்கும் அனுப்பியதாகவும். மகளுக்கும் மஞ்சள் சட்டை இருந்தது. வாகரைக்காரர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்துசேர்ந்தார். அந்தப் படத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

படம் இல்லை. மூன்று நாளைக்கு முதல்தான் பெட்டிக்காரர் அழித்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நாட்களில் ஒவ்வொருவரும் படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தோம். இடிந்த வீடு, உடைந்த தோணி, பிரேதம். எல்லாருடைய பெட்டியும் சேர்வரில் ஒரே கோப்புக்குள்தான் கிடக்கும். அந்தக் கோப்பு ஓர் அளவுக்கு மேல் வீங்கினால் எல்லாருக்கும் சேர்த்து மின்னஞ்சல் நின்றுபோகும். நின்றும் போனது. முகாம்களின் பெயர்ப்பட்டியல் போய்ச்சேராமல் அரிசி லொறிகள் ஒரு பகல் முழுக்கக் காத்துக்கிடந்தன. பெட்டிக்காரர் யாரையும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. பெரிய இணைப்புள்ள பழைய கடிதங்கள் அத்தனையையும் எல்லாப் பெட்டிகளிலுமிருந்து ஒரே கட்டளையில் அழித்துவிட்டார். அழித்ததைச் சில நாள் பிடித்து வைக்கிற வசதி ஒன்று உண்டு. இடம் போதாதென்று அதையும் நிறுத்தியிருந்தார். கமராவிலும் படம் இல்லை, அடுத்த பயணத்துக்காகத் துடைத்துவிட்டார்கள். எடுத்தவரிடம் முகத்தைக் கேட்டால், "எத்தின முகம் அண்ணன்," என்று தலையில் கை வைத்தார். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், நான் போட்ட ஒரு சண்டையால்.

வாகரைச் சனம் செல்லடிக்குத் தப்பிக் காட்டாலும் கடலாலும் வந்துசேர்ந்த நாட்கள். வந்தவர்களின் குடும்பப் பட்டியலை அடித்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. அனுப்பப் போனால் பெட்டி நிறைந்துவிட்டது, அனுப்ப முடியாது என்கிறது கணினி. எனக்கு வந்ததே ஒரு விசர்! குசினிக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போய்க் கத்தினேன்.

"அண்ணன், உங்கட பெட்டியும் நீங்களும்! சனம் மரத்துக்குக் கீழ கிடக்கு. எனக்கு ஒரு பட்டியல் அனுப்ப இடமில்லையா? ஆருக்காக இந்தக் கஞ்சத்தனம்? உங்கட அப்பன்ர வீட்டு இடமா இது?"

அப்பனை இழுத்திருக்கக் கூடாது. அவர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். பத்து நிமிசத்தில் வந்து, "இப்ப அனுப்புங்க," என்றார். போனது. தன்னுடைய பெட்டியை ஒரு கடிதம் மிச்சமில்லாமல் அழித்து அந்த இடத்தை எனக்குத் தந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து அவருடைய மேலதிகாரி தொலைபேசியில் வந்தார். அங்கே ஏன் எப்போதும் இடமில்லை என்கிறீர்கள், சேர்வருக்கு முன்னால் போய் நின்று நான் சொல்வதைத் திறந்து வாசியுங்கள் என்றார். வாசித்தேன். நாங்கள் பாவிக்கிற கோப்பு ஒன்று. அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய இன்னொரு கோப்பு. கடைசியாக எழுதிய திகதி கடல் வந்து மூன்றாம் மாதத்தோடு நின்றிருந்தது. அதற்குள் இருந்த பெட்டிகளைப் பார்த்தால் எல்லாம் வெறுமை. எங்கள் எல்லாருடைய இடத்தையும் தின்றுகொண்டு ஒரு வெறும் கோப்பு! மேலதிகாரி, "அதைச் சுருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தூக்கிவிடச் சொல்லுங்கள்," என்று வைத்துவிட்டார்.

பின்னேரம் பெட்டிக்காரர் வந்தார். செருப்பெல்லாம் புழுதி. முகாம் முகாமாகப் போய்த் தேடினாராம். யாரைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு கோபம் இருந்தது.

"அந்தப் பழைய கோப்புக்குள்ள என்ன இருக்கு அண்ணன்? ஒண்டுமில்ல. அத வெச்சிக்கிட்டா எங்கள இந்தப் பாடு படுத்துனீங்க?"

அவர் வாங்கில் இருந்தார். சொன்னார். வாகரைக்காரர், மகள், மஞ்சள் சட்டை, மேலே நான் உங்களுக்குச் சொன்ன எல்லாம். முகாமில் தேடியதும் அந்த வாகரைக்காரரைத்தான். உயிரோடு வந்துசேர்ந்துவிட்டார், மனைவியும் வந்துவிட்டா.

"அழிச்சாச்செண்டுதானே சொல்றீங்க. மறுகா எதுக்கு அந்தக் கோப்பு?"

"மெயில அழிச்சா கோப்பு சின்னனாகாது தங்கச்சி. வயல் வட்டையில நெல்ல வெட்டினாப் பிறகு வட்டை சுருங்குதா? அப்பிடியே கிடக்கும். மேலால புதுசா ஏதும் எழுதுமட்டும் பழசு அடியில கிடக்கவும் கூடும். அந்த மனிசன் வந்து கேட்ட அண்டைக்கே அத மூடிப்போட்டு உங்களுக்கெல்லாம் புதுக் கோப்புத் திறந்து மிச்சக் கடிதங்கள அதுக்கு மாத்தின நான். ஒரு எழுத்து மேல விழ விடல்ல."

"சுருக்கினா?"

"சுருக்கினா வெறும் இடத்தையெல்லாம் விட்டுப்போட்டு மிச்சத்த மட்டும் எடுக்கும். அதோட போச்சு."

"எடுக்க ஏலுமா அத?"

"கொழும்பில ஒரு இடத்தில எடுப்பாங்களாம். டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டு போகோணும்."

"கொண்டு போங்களன்!"

என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுக்குள்ள முழுக்கப் பிரேதம். செக்பொயின்ரில ஆமிக்காரன் வாங்கித் திறந்து பாத்தா, இது கடல் கொண்ட சனமா சண்டையில செத்த சனமா எண்டு என்னட்டக் கேப்பானா? எனக்கும் ரெண்டு புள்ளைகள்."

 எழும்பிப் போய் என் பெட்டியிலிருந்த பாதிக் கடிதங்களை அழித்தேன். எனக்கே என் மேல் எரிச்சல்.

அந்த நாளிலிருந்து நானும் அவருடைய கள்ளத்தில் பங்காளி. கொழும்பு கேட்கும்போதெல்லாம் சாட்டுச் சொன்னோம். கரண்ட் நிற்கிறது. இன்றைக்கு ஹர்த்தால். குளிரூட்டி பழுது. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஓர் உண்மையையே சொன்னோம்: கோப்பைச் சுருக்குவதற்கு ஏறத்தாழ அதேயளவு வெறும் இடம் வேண்டும், அது எங்களிடம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு நானா சிரித்த சிரிப்பு!

"குளத்த இறைக்க இன்னொரு குளம் வெட்டோணுமெண்ட கதயெலா இது!"

வாகரைக்காரர் வருவது நிற்கவில்லை. இப்போது நானும் சில நாள் உள்ளே இருந்து கேட்டேன். அவருக்கு அழுகையெல்லாம் முடிந்துபோயிருந்தது. மனைவியைப் பற்றித்தான் சொல்வார். மகள் எங்கேயோ இருக்கிறாள், யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று அந்த மனிசிக்கு உறுதி. திவசம் செய்ய விடமாட்டா. ஒவ்வொரு தை மாதமும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபரின் காலைப் பிடிக்காத குறை. இடாப்பில் பிள்ளையின் பெயரை வெட்ட வேண்டாமாம்.

"அந்தப் படத்த ஒருக்காக் காட்டினனெண்டா அவள் அடங்கிருவாள் தம்பி. மகள்தானெண்டு தெரிஞ்சா அழுவாள், அழுதுபோட்டுச் சோறு தின்பாள். இது அழுறாளுமில்ல, தின்றாளுமில்ல."

"கொஞ்சம் பொறுங்க," என்பார் பெட்டிக்காரர். "கிடக்கு. பத்திரமாக் கிடக்கு."

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை எங்கள் கந்தோரில் யாரும் யாரோடும் பேசவில்லை. வன்னியில் யாருக்கு யார் மிச்சம் என்று ஒருவருக்கும் தெரியாது. பெட்டிக்காரர் அந்தக் கிழமை பெட்டியைக் குறையுங்க என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை. மலசலகூடக் கதவில் பழைய பட்டியலே தொங்கியது.

பிறகு சில மாதத்தில் கடிதம் வந்தது. மட்டக்களப்புக் கந்தோரை மூடப்போகிறார்கள். எல்லாப் பெட்டிகளையும் கொழும்புக்கு மாற்றவேண்டும், அதற்கு முன் கோப்புகளைச் சுருக்கியே ஆகவேண்டும், சேர்வரை எடுத்துப்போக ஆள் வருகிறது. இனிச் சாட்டுச் சொல்ல வழியில்லை. பெட்டிக்காரர் டிஸ்க்கைக் கழற்றிச் சாரத்தில் சுற்றி, பயணப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். வழியில் ஓரிடத்தில் சோதனை. சிப்பாய் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்து, என்ன இது என்று கேட்டானாம். பழைய மெயில் என்றாராம். சரி போ என்றுவிட்டான்.

"அவ்வளவுதான் தங்கச்சி," என்றார் திரும்பி வந்து டிஸ்க்கைப் பூட்டிக்கொண்டே. "இவ்வளவு வருசமும் பயந்தது இதுக்குத்தான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

படம் கிடைத்திருந்தது.

வாகரைக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார். வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார், செத்தவீட்டுக்கு வருகிறவர் போல. குசினிக்குள் நாங்கள் மூன்று பேர். பெட்டிக்காரர் படத்தைத் திறந்தார். பழைய கணினி, மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறந்தது. ஈரத் தலைமயிர். நெற்றி. மூடிய கண். மஞ்சள் சட்டையின் கழுத்து. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டார்.

"இந்தப் புள்ளக்கிக் காது குத்தியிரிக்கி தம்பி."

பெட்டிக்காரர் குனிந்தார்.

"என்ட புள்ளக்கிக் காது குத்தல்ல. வாற தையில குத்துவமெண்டு இருந்த." மூச்சை இழுத்து விட்டார். "இது என்ட புள்ள இல்ல."

 பெட்டிக்காரர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மன்னிச்சிக் கொள்ளுங்க அண்ணன்," என்றார். 

"நீங்க என்ன தம்பி செய்யிற. இவ்வளவு காலமும் ஆர்ர புள்ளயையோ எனக்காகக் காத்து வெச்சிரிந்தீங்க."

"வீட்டில என்னெண்டு சொல்லப் போறீங்க?" நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"உள்ளதத்தான் சொல்லோணும். நம்மட புள்ள இல்லையாம் எண்டு." பொல்லை எடுத்தார். "அவளுக்கு அது நல்ல சேதிதானே."

கதவடியில் நின்று திரும்பினார்.

"அந்தப் புள்ளக்கிம் ஆரும் இரிப்பாங்க. அழிச்சிப் போடாதீங்க."

அவர் படலையைத் தாண்டும்வரை பெட்டிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பழைய கோப்பைத் தூக்கினார், புதியதைச் சுருக்கினார். இரண்டு மணித்தியால வேலை. எவ்வளவு சின்னதாகிவிட்டது என்று கொழும்பு பாராட்டி எழுதியது.

அன்று பின்னேரம் என் பெட்டிக்குள் ஒரு கடிதம் வந்து விழுந்தது. பெட்டிக்காரர் எழுதியது, எல்லாருக்கும், நானா உட்பட. பெரிய இணைப்பு. இணைப்போடு அவர் எழுதி நான் கண்ட ஒரே கடிதம் அதுதான். இரண்டு வரி. "இதை ஒருவரும் அழிக்கவேண்டாம். யாரும் கேட்டு வந்தால் காட்டுங்க."

கந்தோர் மூடி அவரவர் ஒவ்வொரு பக்கம் போனோம். பெட்டிக்காரர் கட்டாரில் இருப்பதாகக் கேள்வி. நான் அந்தக் கடிதத்தை என் சொந்தப் பெட்டிக்கு மாற்றி, அதிலிருந்து அடுத்ததற்கு, பிறகு அடுத்ததற்கு என்று கொண்டுபோகிறேன். பெட்டி நிறைந்துவிட்டது என்று இப்போதும் அடிக்கடி அறிவித்தல் வரும். மகனின் படங்களைக்கூட அழித்திருக்கிறேன், திருமணக் கடிதங்கள், சம்பளக் கடிதங்கள் எல்லாம் போய்விட்டன.

அந்தப் பிள்ளையைக் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.